ஒலிம்பிக் சமயத்தில் மட்டும் தலைகாட்டும் ஜிம்னாஸ்டிக்ஸை வருடம் முழுக்கப் பின்தொடரும் தமிழர் யாராவது உண்டா? அதில் எதைப் பார்த்து ரசிக்கிறீர்கள்?

உண்டு. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். கேள்வி கேட்டவர், "எல்லாரும் ஒரே மாதிரிதான் குதிக்கிறார்கள், மார்க் வரும்வரை யார் நன்றாகச் செய்தார் என்றே புரிவதில்லை" என்றும் எழுதியிருந்தார். ரொம்ப நியாயமான பேச்சு. எனக்கும் பிடிபடச் சில வருடங்கள் ஆயின.

ஆரம்பம் 1998. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நம் ஊரில் நடந்தது. எனக்கு 11 வயது. மாமா ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு, அதாவது நாடா, பந்து போன்றவற்றை வைத்து இசைக்கு ஆடும் பிரிவுக்கு, இரண்டு டிக்கெட் வாங்கி வந்தார். செந்தூலுக்கு அப்போது எல்ஆர்டி ரயில் வரவில்லை. சுல்தான் இஸ்மாயில் நிலையம் வரை பஸ், அங்கிருந்து ரயில் பிடித்து புக்கிட் ஜாலில் போனோம். 6 மீட்டர் நீள நாடாவை ஒரு பெண் தரையில் படாமல் சுழற்றிக்கொண்டே ஓடுகிறாள், தூக்கி எறிகிறாள், உருண்டு எழுந்து கை நீட்டுகிறாள், நாடாவின் குச்சி கைக்கே வந்து சேர்கிறது. நான் மூச்சு விடவே மறந்து உட்கார்ந்திருந்தேன். அந்த முறை குழுப் பிரிவில் தங்கம் மலேசியாவுக்குத்தான். அந்த நால்வரில் ஒருவர் பெயர் சரினா சுந்தரராஜா. ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் வந்தபோது மாமா என் தோளைத் தட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்த வாரம் ஹாலில் செலோடேப் ஒட்டினேன். பெண்கள் மேலே ஏறி வித்தை செய்யும் ஒடுக்கமான சட்டமான பேலன்ஸ் பீமின் அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர் என்று எங்கோ படித்திருந்தேன். ஹால் போதாமல் கோடு சமையலறை வாசல்வரை போனது. தரையில் இருக்கும் கோட்டின் மேலேயே என்னால் நேராகத் திரும்ப முடியவில்லை. நிஜ பீம் 1.25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது எங்கள் வீட்டு அடுப்பு மேடையைவிட உயரம். அதன்மேல் பின்னால் குட்டிக்கரணம் அடித்து அதே 10 சென்டிமீட்டரில் வந்து நிற்கிறார்கள். அந்த டேப்பை அம்மா ஒரு மாதம் எடுக்காமல் விட்டுவைத்தார்.

2000 சிட்னி ஒலிம்பிக்கைப் பள்ளி விட்டு வந்து டிவியில் பார்த்தேன். தனிநபர் இறுதிப் போட்டியில் ஓடி வந்து ஒரு கருவியின் மேல் கை ஊன்றித் தாவும் வால்ட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் தடுமாறினார்கள். ரஷ்யாவின் ஸ்வெட்லானா கோர்கினாவே விழுந்தார். பாதிப் போட்டி முடிந்த பிறகு ஆஸ்திரேலிய வீராங்கனை அல்லானா ஸ்லேட்டர் சொல்லித்தான் தெரிந்தது, கருவியை 5 சென்டிமீட்டர் தாழ்வாக வைத்திருந்தார்கள் என்று. இந்த விளையாட்டில் 5 சென்டிமீட்டர் என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, எதைப் பார்ப்பது? நான் கால்களைப் பார்ப்பேன். காற்றில் எத்தனை சுற்று என்று எண்ண ஆரம்பித்தால் கண் குழம்பிவிடும். இறங்கும்போது பாதம் ஊன்றியதா, நகர்ந்ததா என்பது எல்லாருக்கும் தெரியும். 2006 முதல் மார்க் இரண்டு பங்காக வருகிறது. வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு மார்க். அதை எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு 10-இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வரும் இன்னொரு மார்க். சின்னத் தவறுக்கு 0.1, நடுத்தரத் தவறுக்கு 0.3, பெரிய தவறுக்கு 0.5, விழுந்தால் முழுசாக 1. இது மட்டும் தெரிந்தால் போதும், நீங்களே நடுவர் மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

2024 பாரிஸில் பெண்களின் தரைப் பயிற்சி இறுதி நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. அண்ணன் மகள் பக்கத்தில் இருந்தாள். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்ததும் "அத்தை, இவங்கதானே முதல்?" என்றாள். "கோட்டைப் பாரும்மா" என்றேன். இரண்டு முறை இரண்டு காலும் எல்லைக் கோட்டுக்கு வெளியே போயின. முறைக்கு 0.3 வீதம் 0.6 போய்விட்டது. ரெபெக்கா ஆண்ட்ராடே 14.166, பைல்ஸ் 14.133. பிரேசில்காரரான ரெபெக்கா முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சைகளைக் கடந்து வந்தவர். அவருக்குத் தங்கம் கிடைத்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். அன்று முதல் அந்தப் பிள்ளையும் கோட்டைத்தான் பார்க்கிறாள்.

முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். 2017-இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சீ விளையாட்டுப் போட்டியில் ஜிம்னாஸ்டிக்ஸ் இங்கே மிட்டெக் மண்டபத்தில் நடந்தது, போனேன். டிவியில் வராத ஒன்று அங்கே இருக்கிறது: சத்தம். பலகையை மிதிக்கும்போது 'டம்' என்று நெஞ்சில் இடிக்கும். பாரில் கை மாறும்போது கம்பி முனகும். வீரர்கள் கையைத் தட்டினால், வழுக்காமலிருக்கப் பூசிய வெள்ளை மாவு புகையாக எழுந்து விளக்கில் மிதக்கும்.

ஒரு மனவருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். 2015 சிங்கப்பூர் சீ போட்டியில் நம் மலேசிய வீராங்கனை ஃபாரா ஆன் 2 தங்கம் உட்பட 6 பதக்கம் வென்றார். அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு உடையைப் பற்றிப் பேசினார்கள். அத்தனை வருட உழைப்பு கண்முன்னால் நிற்கும்போது எப்படித்தான் மனசு வருகிறதோ! அவர் தன் பாட்டுக்குப் பயிற்சி செய்து டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். அதே டோக்கியோவில்தான் உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 46 வயதில் தன் எட்டாவது ஒலிம்பிக்கில் வால்ட் குதித்தார். ரசிகர்கள் இல்லாத அரங்கில் மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இறுதிச் சுற்றுக்கு அவர் தேறவில்லை. தோற்றவரையும் இப்படி எழுந்து நின்று வழியனுப்புவதைப் பார்த்தால் இந்த விளையாட்டின் மேல் பாசம் இன்னும் கூடிவிடுகிறது.

அப்புறம் தீபா கர்மாகர். அந்த இரவை விட்டுவிட்டு இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. 2016 ரியோ, வால்ட் இறுதிப் போட்டி. இங்கே திங்கட்கிழமை அதிகாலை இரண்டு மணி வாக்கில் வந்தது. அம்மாவும் எழுந்து வந்து உட்கார்ந்தார். தீபாவின் இரண்டாவது வால்ட் புரோடுனோவா. ஓடி வந்து கைகளை ஊன்றி, காற்றில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். முன்பக்கம் சுழலும்போது தரை கண்ணுக்குத் தெரிவதே கடைசி நொடியில்தான். கொஞ்சம் பிசகினால் கழுத்துக்கு ஆபத்து, அதனால் அதைத் தொடவே பலர் பயந்தார்கள். ஒலிம்பிக்குக்கு வந்த முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

அவர் ஓடத் தொடங்கியதும் அம்மா டிவியைப் பார்த்து, "பாத்துமா, பாத்து" என்று முணுமுணுத்தார். தீபா இரண்டு காலிலும் இறங்கினார். ஆனால் நன்றாகக் குந்திப் போய், இடுப்பு மெத்தையை ஒட்டிவிட்டது. எழுந்து கையைத் தூக்கினார். கடைசியில் 15.066, நாலாவது இடம். மூன்றாவது வந்த சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டெயின்குரூபருக்கு 15.216.

"0.15-னா எவ்வளவு?" என்று அம்மா கேட்டார். இரண்டு வால்ட்டின் சராசரிதான் மார்க், ஆக ஒரு வால்ட்டில் 0.3 கூட வந்திருந்தால் சமமாகியிருக்கும் என்றேன். எழுந்து நின்று, காலை ஒரு எட்டு முன்னால் வைத்து, இவ்வளவுதான் என்று காட்டினேன். அம்மா என் பாதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளையோட அம்மா இப்ப பார்த்துக்கிட்டு இருப்பாங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணி கலக்க எழுந்து போனார்.