123456789 பகா எண்ணா? அதைக் கையாலேயே காரணிப்படுத்த முடியுமா?

பகா எண் இல்லை. 1 முதல் 9 வரை கூட்டினால் 45 வரும். அது 9ஆல் வகுபடும், எண்ணும் வகுபடும். இந்த ஒன்பது இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் இதே கதைதான், ஒரு பகா எண்கூடத் தேறாது.

சிக்கல் அதற்கு அப்புறம். போன சனிக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில், உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகளும் இதையேதான் கேட்டாள். 9ஆல் வகுத்தால் ஈவு 13717421. “இது பிரைமாப்பா?” என்று சொல்லிக்கொண்டே ரசீதின் பின்பக்கத்தில் 7, 11, 13 என வகுக்க ஆரம்பித்தாள். ஒன்றும் ஒத்துவரவில்லை. அப்படியே போயிருந்தாலும் விடை கிடைத்திருக்கும், ஆனால் 504ஆவது பகா எண்ணில்!

பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் வழியைச் சொல்லிக் கொடுத்தேன். ஒற்றைப்படைப் பகு எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். அந்த வர்க்கங்களின் மூலங்களைக் கழித்தால் ஒரு காரணி, கூட்டினால் இன்னொன்று. 13717421இன் வர்க்கமூலம் 3703ஐத் தாண்டும், 3704ஐத் தொடாது. அதனால் 3704இல் தொடங்கினோம். அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 2195. முழு வர்க்கம் இல்லை. அடுத்தது 3705, கழித்தால் 9604. “98 இன்டு 98!” என்று கத்திவிட்டாள், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆக 3705இலிருந்து 98ஐக் கழித்தால் 3607, கூட்டினால் 3803. இரண்டும் பகா எண்கள். இரண்டே அடியில் வேலை முடிந்தது.

ஃபெர்மா 1643இல் ஒரு கடிதத்தில் 2027651281ஐ இப்படித்தான் 44021, 46061 என்று உடைத்தார். காரணிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இது பலிக்கும், தள்ளி இருந்தால் மணிக்கணக்கில் இழுக்கும். கணினியில் தகவலைப் பூட்டிவைக்கும் ஆர்எஸ்ஏ மறைக்குறியீட்டுக்கு எடுக்கும் இரண்டு பகா எண்கள் ரொம்ப நெருங்கி இருக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

மற்ற குணங்களையும் சொல்லிவிடுகிறேன். 3 × 3 × 3607 × 3803 என்பதால் வகுத்திகள் மொத்தம் 12. தன்னைத் தவிர்த்து மற்றவற்றைக் கூட்டினால் 54966027. எண்ணைவிடக் குறைவு, எனவே இது குறைவு எண். தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் பெயர் சூட்டிய ஹர்ஷத் எண்ணாக இருக்க, இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபட வேண்டும். 9இல் முடியும் எண் 45ஆல் எங்கே வகுபடும்?

மகள் விடவில்லை. “திருப்பிப் போட்டா?” 987654321 என்பது 123456789இன் எட்டு மடங்கோடு 9. அதையும் 9ஆல் வகுத்து, 17ஆல் இரண்டு தடவை வகுத்தாள். 379721இல் வந்து நின்றது. பகா எண்ணா என்று உறுதிசெய்ய அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 616 வரைக்கும் வகுத்துப் பார்க்க வேண்டும். 100ஐத் தாண்டுவதற்குள் ரசீதில் இடம் தீர்ந்துவிட்டது. கைபேசியில் பார்த்தோம், பகா எண்தான். இடைப்பட்ட நேரத்தில் என் கோப்பி ஆறிப் போயிருந்தது.