தலை மட்டும் உள்ள பூனையை வெட்டுவது எப்படி?

கேள்வி: லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையைத் தமிழில் படித்து ஏமாந்தேன். முயல் ஓடுகிறது, பூனை மறைகிறது, ராணி கத்துகிறாள். கதையே இல்லை. இதற்கா இத்தனை கொண்டாட்டம்?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: கதை இல்லைதான். 1862 ஜூலை 4 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் படகில் போகும்போது மூன்று சிறுமிகளுக்குப் போகிற போக்கில் சொன்னது, 1865இல் நூலானது. அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலோடு படிக்கிற நாவல் இல்லை இது.

ஆனால் உங்கள் ஏமாற்றத்தில் பெரும்பங்கு மொழிபெயர்ப்பைச் சேரும். 3ஆம் அத்தியாயத்தைத் திரும்ப எடுங்கள். எலி தன் கதை நீளமானது, சோகமானது என்கிறது. ஆலிஸ் அதன் வாலைப் பார்த்து, நீளம் சரி, சோகம் எங்கே என்று குழம்புகிறாள். ஆங்கிலத்தில் கதைக்கும் (tale) வாலுக்கும் (tail) ஒரே உச்சரிப்பு. எலி சொல்லும் கதை பாட்டாகவே வரும்; அதை வால்போல வளைத்து, எழுத்தைச் சிறுக்கச் சிறுக்க அச்சிட்டிருப்பார்கள். தமிழில் அப்படியே பெயர்த்தால் வெறும் உளறல்தான் மிஞ்சும்.

ஆலிஸ் ஒப்பிக்கிற முதலைப் பாட்டும் இப்படித்தான். ஐசக் வாட்ஸ் தேனீயின் உழைப்பைப் புகழ்ந்து எழுதிய நீதிப்பாட்டை அன்றைய பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். கரோல் தேனீ இருந்த இடத்தில் முதலையை வைத்து அதைக் கோணலாக்கினார். ஆத்திசூடியே தெரியாதவரிடம் ஆத்திசூடியைக் கோணலாக்கிப் பாடிக்காட்டினால் சிரிப்பாரா? அங்கே ஒரு வரி அடிக்குறிப்புகூடப் போடாத மொழிபெயர்ப்பாளரை மன்னிக்கவே முடியாது. 'போலி ஆமை'க்கும் குறிப்பு வேண்டும். ஆமைக்கறி விலை அதிகம் என்பதால் கன்றுத் தலையைப் போட்டு வைத்த சூப்பின் பெயரிலிருந்து பிறந்த பிராணி அது. நூலுக்குப் படம் வரைந்த ஜான் டென்னியலின் படத்தில் ஆமை உடம்புக்குக் கன்றின் தலை, பின்கால் குளம்பு, வால் எல்லாம் உண்டு.

சொல்லை நம்பாத வேடிக்கைகள் மட்டும் எந்த மொழியிலும் பிழைக்கும். 8ஆம் அத்தியாயத்தில் பூனையின் தலை மட்டும் ஆகாயத்தில் தெரிகிறது. அதை வெட்டச் சொல்கிறாள் ராணி. உடம்பு இல்லாத தலையை எதிலிருந்து வெட்டுவது என்கிறான் தலை வெட்டும் சேவகன். தலை இருந்தால் வெட்டலாம் என்கிறார் ராஜா. உடனே ஏதாவது செய்யாவிட்டால் எல்லார் தலையும் போகும் என்கிறாள் ராணி. மூவர் முகத்திலும் துளிச் சிரிப்பு கிடையாது. இதற்கு முந்தின அத்தியாயத்துத் தேநீர் விருந்தில் எப்போதும் மணி 6தான், அதாவது தேநீர் நேரம்தான். கோப்பை கழுவ நேரமில்லை, அதனால் ஆளுக்கொரு இடம் நகர்ந்து உட்காருகிறார்கள். சுத்தமான கோப்பை தொப்பிக்காரனுக்கு மட்டும்!

12 அத்தியாயமும், டென்னியலின் 42 படங்களும், அடிக்குறிப்பும் உள்ள பதிப்பாகத் தேடுங்கள். சுருக்கப் பதிப்பு வேண்டாம். இந்த இரண்டு அத்தியாயங்களை மட்டும், நாளுக்கு ஒன்றாக, வாய்விட்டுப் படியுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் தாராளமாக மூடி வைத்துவிடலாம்.