ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்ப ஆடுங்கள்

வாசகர் கேள்விகளுக்குச் சிறு நாடகக் குழு ஒன்றின் இயக்குநர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலம் ஒத்திகைக்குப் போய் வருகிறேன். வேலையை விட்டால்தான் முழு நடிகையாக முடியும் என்கிறாள் என் தோழி. விட்டுவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. வேலையில் இருப்பவர் அரைக் கலைஞர், விட்டவர்தான் முழுக் கலைஞர் என்ற பேச்சை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார் பொறியியல் படித்தவர், நகரத் திட்டமிடல் அவருடைய தொழில். அந்த உத்தியோகத்தில் இருந்தபடியேதான் தன் முக்கியமான நாடகங்களை எழுதினார், ‘சதாப்தி’ குழுவையும் தொடங்கினார். ரஷ்ய நாடகாசிரியர் செகாவும் டாக்டர்தான்.

சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த வேலை உங்களை எத்தனை மணிக்கு விடுகிறது, விட்ட பிறகு போன் போட்டுத் துரத்துகிறதா என்று பாருங்கள். ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு வர முடிகிற வேலை ஒரு நடிகைக்குக் கிடைத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வேலையிலிருந்து நேராக வரும் உடம்பை அப்படியே நடிக்க வைக்க முடியாது. உங்கள் குழுவில் இன்று மாலை கவனித்துப் பாருங்கள். தோள்கள் காதுவரை ஏறியிருக்கும். மூச்சு நெஞ்சைத் தாண்டி வயிற்றுக்கு இறங்காது. போனைப் பைக்குள் போட்ட பிறகும் கை அதைத் தேடும். அந்த நேரத்தில் வசனம் சொல்லச் சொன்னால் மீட்டிங்கில் பேசிய அதே குரல்தான் வரும். எங்கள் ஒத்திகையில் முதல் அரைமணி நேரம் நாடகப் பிரதியைத் திறக்கவே மாட்டோம். பேசாமல் நடப்போம். மல்லாந்து படுத்து மூச்சுவிடுவோம். பிறகு ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார், இன்னொருவர் வெறும் ‘ம்’ என்ற ஓசையாலேயே அவரை அறை முழுக்க அழைத்துப் போவார். கண்ணை மூடியவரின் தோள் தானாக இறங்கும் கணம் ஒன்று உண்டு. அதைப் பார்த்த பிறகுதான் பிரதியை எடுப்பேன்.

வேலையை விட்டவர்கள் எல்லோரும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். வீட்டு வாடகை கட்டுவதற்காக, வருகிற பயிற்சிப் பட்டறைகள், டப்பிங் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ஒத்திகைக்கு வர நேரமில்லாமல் போனவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய. விடுவதென்றால் இரண்டு விஷயங்கள் கையில் இருக்கட்டும்: தேதி குறித்த காட்சிகள் உள்ள ஒரு நாடகம், நடிப்பு தவிர அரங்கில் காசு தருகிற இன்னொரு கைத்தொழில். லைட் போடக் கற்றுக்கொள்ளுங்கள். விளக்கை எந்தக் கோணத்தில் கட்டினால் முகத்தில் நிழல் எங்கே விழும் என்று தெரிந்த நடிகைக்கு எந்தக் குழுவிலும் இடம் உண்டு.

கேள்வி: எங்கள் குழு வருடத்துக்கு இரண்டு புது நாடகம் போடுகிறது. அரங்கம் நிறைகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் கைக்காசு போகிறது. நிர்வாகம் சரியில்லையா?

பதில்: நிர்வாகம் நன்றாகவே இருக்கலாம். 1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்கள். மற்றத் தொழில்களில் இயந்திரம் வந்து அதே பொருளைக் குறைந்த நேரத்தில் செய்துவிடுகிறது. ஆனால் நாலு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கு இன்றைக்கும் நாலு பேர் வேண்டும், அதே நிமிடங்கள் வேண்டும். சுற்றியிருக்கும் சம்பளமும் வாடகையும் ஏறும்போது நிகழ்கலையின் செலவும் ஏறும். டிக்கெட்டை அதே வேகத்தில் ஏற்ற முடியாது. சில நாடுகள் இதை உணர்ந்து ஏற்பாடு செய்திருக்கின்றன. பிரான்ஸில் மேடைக் கலைஞர் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததைக் காட்டினால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ கொடுத்துப் பார்க்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அப்படி ஒன்றும் இல்லாத இடத்தில் டிக்கெட் காசு மட்டுமே காப்பாற்றும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

உங்கள் கணக்கில் ஓட்டை எங்கே என்றால், அந்த ‘இரண்டு புது நாடகம்’ என்பதில். ஒரு நாடகத்தின் பெரிய செலவெல்லாம் முதல் காட்சிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒத்திகை இடம், உடை, செட், மாதக்கணக்கில் உழைப்பு. மூன்று காட்சி ஆடிவிட்டு மூட்டை கட்டினால் அத்தனையையும் அந்த மூன்று காட்சியே சுமக்க வேண்டும். முப்பதாவது காட்சிக்குப் போக்குவரத்தும் நடிகர் ஊதியமும்தான் செலவு. அதோடு, நடிகர்கள் மற்றவர் வசனத்தைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்குவதே பத்தாவது காட்சிக்குப் பிறகுதான். அதுவரை அவரவர் முறைக்குக் காத்திருப்பார்கள்.

பிறகு ஏன் குழுக்கள் திரும்ப ஆடுவதில்லை? பெரும்பாலும் காரணம் செட்தான். காட்சி முடிந்த இரவில் அதை வைக்க இடமிருக்காது. பலகை யார் வீட்டுக்கோ போகும், மழையில் ஊறும், அத்தோடு நாடகமும் முடிந்தது. அதனால் வடிவமைக்கும்போதே ‘இது இரண்டு பெட்டிக்குள் அடங்குமா?’ என்று கேட்டுவிடுங்கள். எங்களிடம் கால் மடங்கும் பெஞ்சு ஒன்று இருக்கிறது. நிமிர்த்தினால் கதவு, படுக்கப்போட்டால் கட்டில், கவிழ்த்தால் படகு. பெட்டி மூடியின் உள்பக்கத்தில், எந்தப் பொருள் எதன்மேல் போக வேண்டும் என்று வரிசையாக எழுதி ஒட்டியிருக்கிறோம். புதிதாக வந்த பையன்கூட இருட்டில் அடுக்கிவிடுவான். பாதல் சர்க்கார் 1970களில் மேடையையே விட்டு வெளியே வந்து, செட்டும் பெரிய லைட்டும் இல்லாமல், பார்வையாளர் நடுவே ஆடினார், பூங்காவிலும் ஆடினார். எங்கும் எடுத்துப்போகலாம், எந்த இடத்துக்கும் பொருந்தும், செலவும் குறைவு. அவருடைய அரங்கக் கொள்கையே இதன்மேல்தான் நின்றது. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். அடுத்த வருடம் புது நாடகத்தை ஒத்திப்போட்டு, இருப்பதில் நல்லதை எடுத்துச் சுருக்கி, அரங்கமே இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோங்கள். நூலகம், கல்லூரி வகுப்பறை, தொழிற்சங்கக் கூடம், எதுவானாலும் சரி.

கேள்வி: நாங்கள் எல்லோரும் நண்பர்கள். ஒரு விழாவில் நல்ல தொகை கிடைத்தது. அதன்பின் பேச்சே குறைந்துவிட்டது. எப்படிப் பிரித்திருக்க வேண்டும்?

பதில்: எப்படிப் பிரிப்பது என்று பணம் வருவதற்கு முன்னாலேயே எழுதிவைத்திருக்க வேண்டும். நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று கூச்சப்படுவார்கள். நண்பர்கள் என்பதால்தான் எழுத்து வேண்டும். எங்கள் முறையைச் சொல்கிறேன்: வந்த பணத்தில் முதலில் போக்குவரத்து, வாடகை கழியும். மீதி பங்குகளாகும். மேடையில் நிற்பவருக்கு ஒரு பங்கு. லைட் பார்ப்பவருக்கும் அதே ஒரு பங்கு, குறையாது. பிரதி எழுதியவருக்கு ஒவ்வொரு காட்சிக்கும் பங்கு உண்டு, அவர் ஊரில் இல்லாவிட்டாலும். இயக்குநருக்கும் ஒன்றுதான். குழுவுக்கென்று ஒரு பங்கு போய், அடுத்த ஒத்திகை வாடகையாகும். அடுத்த ஒத்திகையில் வரவுசெலவை ஒருவர் சத்தமாக வாசிப்பார், ஆட்டோ காசுவரை. வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் மாறுவார். தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் மனத்தாங்கல் தங்காது.

போனது போகட்டும். உங்கள் நண்பர்களைக் கூப்பிட்டு அந்த விழாக் கணக்கை முழுக்க வாசித்துக் காட்டுங்கள். யாருக்காவது குறைந்திருந்தால் குழுப் பங்கிலிருந்து கொடுங்கள். அதற்கப்புறம் நாடகத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: விண்ணப்பித்த நாடகப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. இனி எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. 1964இல் நார்வேயின் ஆஸ்லோ நகரில் யூஜெனியோ பார்பா என்ற இத்தாலிய இயக்குநர் ஒரு நாடகக் குழு தொடங்கினார். சேர்ந்தவர்கள் நாடகப் பள்ளியில் இடம் கிடைக்காமல் திரும்பிய இளைஞர்கள். ‘ஓடின்’ என்ற அந்தக் குழு 1966இல் டென்மார்க்கின் ஹோல்ஸ்டெப்ரோ என்ற சிறு ஊருக்குப் போய், பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க ஆடியது. தினசரிப் பயிற்சிதான் அவர்களுக்குப் பள்ளி. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

உங்களைப்போல இடம் கிடைக்காத இன்னும் இரண்டு பேரை முதலில் தேடுங்கள். நேரம் குறியுங்கள், வாரத்தில் மூன்று நாளாவது, யார் வராவிட்டாலும் மாறாத நேரம். ஒருவருக்குப் பாட வரும், இன்னொருவருக்குச் சிலம்பமோ யோகாவோ வரும். அங்கிருந்து ஆரம்பியுங்கள். பிரதி பிறகு கிடைக்கும்.

கேள்வி: வயது 44. குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். பதினைந்து வருட இடைவெளிக்குப் பின் மேடை ஏறலாமா?

பதில்: தாராளமாக. உங்கள் வயதுப் பாத்திரங்களுக்கு ஆள் கிடைக்காமல்தான் இருபத்திரண்டு வயதுப் பெண்களுக்கு நாங்கள் நரை பூசிக்கொண்டிருக்கிறோம். முட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள், கடினத் தரையில் குதிக்கிற பயிற்சி வேண்டாம். குரல் வந்துவிடும், தினமும் சத்தமாக வாசித்தால் போதும். உங்களுக்குப் பக்கத்தில் ஒத்திகை நடக்கிற குழுவுக்கு இந்த வாரமே போய், நடிக்கக் கேட்காமல், வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.