பாட்டியின் கால் சில்லிட்டிருப்பது பற்றி

வணக்கம் தங்கச்சி. பாட்டிக்கு உதடு சிவப்பாகத்தான் இருக்கிறது, கால் நகத்தை அமுக்கினால் நிறம் திரும்ப 4 நொடி ஆகிறது, ரத்த ஓட்டம் சரியா என்று அறிய எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதட்டை நம்பாதீர்கள். வெற்றிலை போடும் வாய் எப்போதும் சிவப்புதான். கன்னத்திலோ தனக்கா என்ற பர்மிய மரப்பட்டைச் சாந்து பூசியிருப்பார். நம் ரங்கூன் பாட்டிகளிடம் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்ப்பதே மேல், அப்புறம் உள்ளங்கை.

நகத்தை 5 நொடி அமுக்கிவிட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடும். மார்கழிக் காலையில் சிமெண்ட் தரையில் நடந்து வந்த கால் என்றால் 4 நொடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. போர்வைக்குள் கொஞ்ச நேரம் இருக்கட்டும், மறுபடி பாருங்கள்.

அதைவிட நாடி முக்கியம். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். புறங்காலில் புடைத்துத் தெரியும் தசைநாணுக்குச் சற்று வெளிப்புறம் இரண்டு விரலை லேசாக வையுங்கள். அழுத்தினால் நாடி அடங்கிவிடும். சிலருக்கு அங்கே இயல்பாகவே கிடைக்காது, உள்கணுக்காலுக்குப் பின்னால் தேடுங்கள்.

இரண்டு கால்களையும் ஒப்பிட மறக்காதீர்கள். ஒரு கால் மட்டும் சில்லிட்டால்தான் எனக்குப் பயம். திடீர் வலி, வெளுப்பு, மரத்துப்போதல், நாடி இல்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிதான், சில மணி நேரம் தாமதித்தாலே காலை இழக்க நேரலாம்.