காலண்டர் தாளில் கடன் கணக்கு

வணக்கம் ஐயா,

மும்பையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். சிறு வியாபாரிகள் கடன் கணக்கு எழுதிக்கொள்ள ஒரு செயலி உருவாக்குகிறோம். தமிழ் தெரியும் என்பதால் தாராவிக்கு என்னை அனுப்பினார்கள். இட்லி வியாபாரம் செய்யும் பன்னிரண்டு பேரைச் சந்தித்தேன். செயலியைக் காட்டியதும் எல்லோரும் “நன்றாக இருக்கிறது, கட்டாயம் பயன்படுத்துகிறோம்” என்றார்கள். டீ கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதமாகிறது, ஒருவர்கூடத் தொடவில்லை. ஏன் பொய் சொன்னார்கள்? ஐந்து பேரிடம் பேசினாலே போதும், நீ அலைந்தது வீண் என்கிறார் மேலாளர். நீங்கள் முன்பு இந்த வேலையில் இருந்ததாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

எம்., செம்பூர்

அன்புள்ள எம்.,

யாரும் பொய் சொல்லவில்லை. வீடு தேடி வந்த பெண், அதுவும் தமிழ் பேசுகிற பெண், ஆசையாக ஒன்றைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பா வந்து சாம்பார் எப்படி என்று விசாரிக்கும்போது உப்பு அதிகம் என்று நீங்கள் சொல்வீர்களா? அவர்கள் காட்டிய மரியாதையை நீங்கள் தகவல் என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என்னை அனுப்பிய நிறுவனம் கேள்விகளை ஆங்கிலத்தில் தயாரித்து, யாரையோ வைத்துத் தமிழாக்கியிருந்தது. முதல் கேள்வி: “உங்கள் தொழிலில் உங்களுக்கு உள்ள வலிகள் என்ன?” தாராவியில் தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்தில் ஓர் அக்கா நன்றாக யோசித்துவிட்டு, “முழங்கால்தான் தம்பி, குளிர்காலத்தில் மடக்கவே முடியவில்லை” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். இரண்டாவது, “கணக்கு வைப்பது சிரமமாக இருக்கிறதா?” இதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது. கேள்வியிலேயே பதிலை ஊட்டியாகிவிட்டது.

தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள் அக்கா” என்றேன். மடை திறந்தது. மூன்றரை மணிக்கு அடுப்பு. ஐந்தரைக்குப் பையன்கள் வந்து இட்லியை வாங்கிப் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அழுத்தியபடி கிளம்புகிறார்கள். பணம் சாயங்காலம். சிலர் தருவார்கள், சிலர் நாளை என்பார்கள். “நேற்று யார் தரவில்லை?” என்று கேட்டதும் அவர் சுவரைக் காட்டினார். ஓர் ஆணியில் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள் குத்தியிருந்தன. ஒவ்வொன்றின் பின்புறமும் பெயரின் முதல் எழுத்து, கீழே கரிக்கோடுகள், நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.

“பணம் வந்துவிட்டால் தாளை என்ன செய்வீர்கள்?”

“அடுப்பில் போட்டுவிடுவேன்.”

அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். பேனா எழுதவில்லை, உதறிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் அவராகவே சொன்னார்: “கொடுத்த பிறகும் அவன் பெயர் சுவரில் தொங்கினால் மறுநாள் எப்படி முகம் கொடுத்துப் பேசுவான்?”

எவ்வளவு பழைய கடனையும் நொடியில் எடுத்துக் காட்டும் என்பதுதான் எங்கள் மென்பொருளின் பெருமை! அன்றிலிருந்து, ஒருவர் பேசி முடித்ததும் மனதுக்குள் ஏழு வரை எண்ணுகிறேன். நம்மால் சும்மா இருக்க முடியாது என்பதே இந்த வேலையில் பெரிய இடைஞ்சல்.

“ஏன்” என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். தமிழில் “ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்றால் வாத்தியார் பிரம்போடு நிற்கிற மாதிரி இருக்கும். கேட்பவர் உடனே ஒரு நியாயத்தைத் தயாரித்துவிடுவார், அதை அவரே நம்பவும் செய்வார். நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலது கோடியில் இருந்ததையே அதிகம் பேர் எடுத்தார்கள். காரணம் கேட்டபோது வைத்திருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. இடம்தான் காரணமோ என்று நேராகவே கேட்டதற்கும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். ஆகவே “அப்போது என்ன நடந்தது?”, “அதைக் காட்ட முடியுமா?” என்று கேளுங்கள். சுவரும் ஆணியும் மரியாதைக்காகப் பேசாது.

உங்கள் மேலாளரின் ஐந்து, பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேகப் நீல்சன் 2000இல் எழுதியது. செய்து முடித்த ஒன்றைப் பயன்படுத்தச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கும் சோதனைக்கான கணக்கு அது. ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்றார். வாழ்க்கையைக் கேட்டறியும் பேச்சுக்கு அதைப் பொருத்தக் கூடாது. அடுத்தவர் சொல்லப்போவதை நீங்களே முன்கூட்டிச் சொல்ல முடிகிற வரை போய்க்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கணவர் பக்கத்தில் நின்றால் அவர்தான் பதில் சொல்வார். மனைவியிடம் தனியாகப் பேச வேறு நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பெடுக்க ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள், எழுதிக்கொண்டே முகத்தைப் பார்க்க முடியாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் நாலைந்து பேரிடமாவது மறுபடி போங்கள். செயலியை வெளியே எடுக்காதீர்கள். ஒருவர் வீட்டுக்காவது அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில், முன்பே சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். அந்நேரத்தில் லோக்கல் ரயில் ஓடாது. டாக்சிக் காசை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.