மூன்றாம் நாளில் மட்டும் தோற்பது ஏன்?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எனக்கு வயது 43. புறக்கோட்டையில் புடவைக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். இருபது வருடங்களாக நாளொன்றுக்குப் பத்து சிகரெட் வரை புகைக்கிறேன். மூன்று முறை நிறுத்திப் பார்த்தும், ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாள் பிளேன் டீயுடன் மீண்டும் பற்றவைத்துவிட்டேன். எனக்கு மனவுறுதி இல்லை என்கிறார் மனைவி. இதற்குப் போய் உதவி கேட்க வெட்கமாக இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: மூன்று முறையும் நீங்கள் மூன்றாம் நாளில் தடுக்கி விழுந்தது தற்செயல் அல்ல. உடலிலிருந்து நிகோட்டின் வெளியேறியதும் தோன்றும் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாட்களிலேயே உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் மெல்லத் தணிகின்றன. (மனைவியிடம் இந்தப் பந்தியை அவசியம் காட்டுங்கள்.)

புகைக்க வேண்டும் என்ற உந்தல் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்நேரம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதே முக்கியம். ஒரு கையில் பிளேன் டீயும் கண்ணெதிரே கயிற்றில் தொங்கும் லைட்டருமாக, சிகரெட்டை ஒவ்வொன்றாக வாங்கக்கூடிய தேநீர்க்கடையில் நிற்பவருக்கு, பெட்டியின் 80 சதவீதத்தை நிரப்பும் எச்சரிக்கைப் படம்கூடக் கண்ணில் படுவதில்லை. ஆகவே முதல் மூன்று வாரங்களுக்குத் தேநீரை நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கே வரவழைத்துக் குடியுங்கள். உடன் வேலை செய்பவர் ஒருவரிடமாவது விடயத்தைச் சொல்லி வையுங்கள்.

வெட்கம் என்றீர்கள். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை, புகைத்தலைக் கைவிட விரும்புவோருக்கு 1948 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை வழங்குகிறது; அங்கே முகம் காட்டாமலே பேசலாம்.

காலையில் கண்விழித்த அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுமானால், உங்கள் உடல் நிகோட்டினில் வலுவாகத் தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். அப்படியாயின் நிகோட்டின் சூயிங்கம் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அதைச் சாதாரண சூயிங்கம் போல ஓயாமல் மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கிய பின்னரே மீண்டும் மெல்ல வேண்டும். தேநீர் குடித்த 15 நிமிடங்களுக்குள் அதை வாயில் போட்டால் நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பண்டிகை வியாபார நெருக்கடியில் இதைத் தொடங்க வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நிறுத்தினால், உங்களை வீழ்த்தும் அந்த மூன்றாம் நாள், தேநீர்க்கடைப் பக்கம் போகத் தேவையில்லாத ஞாயிற்றுக்கிழமையாக அமையும்.