இருபது நாள் எங்க போச்சு?

கேள்வி: எங்களுக்கு பெங்களூர்ல வேலை, சொந்த ஊர் செட்டிநாட்டுப் பக்கம் பள்ளத்தூர். மகனுக்கு அஞ்சு வயசு, மகளுக்கு மூணு. எங்க நகரத்தார் வீடுகள்ல கொண்டாடுற பிள்ளையார் நோன்ப ஒட்டி நாலு நாள் லீவு போட்டு, பிள்ளைங்களுக்கு மறக்க முடியாத நாளா இருக்கட்டும்னு ஒரே மாதிரி டிரஸ் எடுத்து, முதல் நாளே பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான்னு சுத்திக் காட்டினேன். மகன் கார்லயே அழுதான். அடுத்த நாள் சின்னவ பழைய கொட்டான் (ஓலைக் கூடை) ஒண்ண தலையில கவுத்துக்கிட்டு முகப்ப விட்டு வரவே மாட்டேன்னுட்டா. நோன்பன்னைக்கு மகன் இழை எடுக்கும்போது, அதாவது எரியுற திரியோட மாவ வாங்கி வாயில போடும்போது, போன் ஆன் ஆகல, இன்னொரு தடவை எடுடான்னேன், எந்திரிச்சு ஓடிட்டான். இவ்வளவு செலவு பண்ணியும் ஒண்ணுமே மனசுல நிக்காதோ? வேற என்னதான் செய்யணும்?
- பெயர் வேண்டாம், பெங்களூர்.

பதில்: தங்கச்சி, உங்க ஆசையில தப்பே இல்ல, ஆனா அந்த "இன்னொரு தடவை எடுடா" இருக்கு பாருங்க, அத படிச்சப்ப எனக்கு மனசு வலிச்சுது. 21 நாள் சேத்த நூலத் திரிச்சு, மாவுல வச்சு, நெய் விட்டு ஏத்தி, வீட்டுப் பெரியவங்க கையால குடுக்கிறத பிள்ளை வாங்குறான், அது வருஷத்துக்கு ஒரு தடவைதான். சுடரப் பாத்து பயந்துகிட்டே கை நீட்டியிருப்பான், அந்த பயத்தத் தாண்டுனதுதான் அவனுக்குப் பெருசு, அத நீங்க செல்லாதுன்னு சொல்லிட்டீங்க. ஓடாம என்ன செய்வான்? (சின்னவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சுடர அணைச்சே குடுங்க, சாமி ஒண்ணும் கோச்சுக்காது.)

சின்னவளுக்கு வயசு மூணு. பெரும்பாலானவங்களுக்கு மூணு, மூணரை வயசுக்கு முன்னாடி நடந்தது எதுவும் பின்னால ஞாபகம் இருக்கிறதில்ல, அதனால இந்த வருஷம் அவ சந்தோஷமா இருந்தாளாங்கிறதுதான் கேள்வி, இருந்தா, அந்தக் கொட்டானுக்குள்ள. ஓலை இடுக்கு வழியா முகப்புத் தூணப் பாத்துகிட்டு உக்காந்திருந்த புள்ளைய எதுக்குங்க இழுத்தீங்க? மகன் கதை வேற, அஞ்சு வயசுல நடக்கிறது நிக்க ஆரம்பிக்கும், அதுவும் திரும்பத் திரும்ப செஞ்சது, அவன் கையால செஞ்சது, அப்புறம் வீட்ல உக்காந்து "அன்னைக்கு என்னடா ஆச்சு, நீ என்ன பண்ணே"ன்னு பேசிப் பேசி அவனச் சொல்ல வச்சது, இதெல்லாம் நிக்கும். ஒரே நாள்ல நாலு ஊரக் காட்டினா ஒண்ணும் நிக்காது.

ஆத்தங்குடிக்கே போனீங்களே, எத்தனை நிமிஷம் நின்னீங்க? அங்க கையால ஒரு தரைக்கல் செய்யுறத முழுசா பாக்க விட்டிருந்தா போதும். கண்ணாடி மேல அச்ச வச்சு, சின்னக் கரண்டியால கலர் சிமெண்ட்ட ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்தி, அச்ச மெதுவாத் தூக்குனா கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்காம பூ அப்படியே நிக்கும், அதுக்கு மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணியில ஊற வச்சு எடுத்து கண்ணாடியப் பிரிச்சா பளபளன்னு இருக்கும். அப்புறம் பள்ளத்தூர் வீட்டுக்குள்ள அவன் மிதிக்கிற ஒவ்வொரு கல்லையும் குனிஞ்சு பாப்பான். மத்த மூணு ஊரும் எங்கயும் ஓடிடாது, வருஷத்துக்கு ஒண்ணு போதும்.

சரி, நான் கேக்க வந்தது இதுதான். நோன்பு 21 நாள். உங்க பிள்ளைங்களுக்கு 1 நாளத்தான் காட்டியிருக்கீங்க, மீதி 20 நாள் எங்க போச்சு? திருக்கார்த்திகையில இருந்து கோடி வேட்டியில (புது வேட்டிதான்) தினம் ஒரு நூல் உருவுறதுக்கு பெங்களூர் பிளாட்டே போதும், பத்து பைசா செலவில்ல. எங்க அப்பத்தா எனக்குச் சொல்லிக் குடுத்தப்ப எனக்கு ஆறு வயசு. அவசரப்பட்டு இழுத்தா பட்டுன்னு அந்துரும், நகத்தால ஓரத்துல நெருடி, ஒத்த நூலப் புடிச்சு மெல்ல இழுக்கணும், துணி முழுக்க சுருங்கிச் சுருங்கி வந்து கடைசியில நூல் மட்டும் நீளமா கையில வரும். அந்துட்டா அப்பத்தா திட்டாது, "அடுத்தத எடு ஆத்தா"ங்கும். மூணாவது நூல் எனக்கு ரெண்டு தடவை அந்துச்சு, அது இன்னும் கண்ணுல நிக்குது, ஆனா அந்த வருஷம் நோன்புக்கு என்ன பாவாடை கட்டுனேன்னு கேட்டா சுத்தமா தெரியாது.

அடுத்த கார்த்திகைக்கு டிரஸ்ஸுக்குப் பதிலா ஒரு கோடி வேட்டி வாங்குங்க. தீபம் ஏத்தி முடிச்சதும் பெரியவன் மடியில விரிங்க, ஒரு முனைய சின்னவ புடிச்சுக்கட்டும். உருவுன நூல ஒரு டப்பாவுல அவனே போட்டு தினம் எண்ணட்டும், பதினாலுக்கு அப்புறம் பதினாறுன்னு தாவுனாலும் அவசரப்பட்டுத் திருத்தாதீங்க, மறுநாள் அவனுக்கே தெரியும். ஊர்ல இருக்கிற அப்பத்தாவையோ ஆயாவையோ அந்த நேரத்துல போன்ல கூப்புட்டு, எத்தனையாவது நூல்னு அவனையே சொல்ல விடுங்க. நோன்பன்னைக்கு அந்த டப்பாவ அவன் கையாலயே பள்ளத்தூருக்குக் கொண்டு வரட்டும், நீங்க உங்க செல்போன பட்டாலைத் திண்ணையில வச்சுட்டு அவன் பக்கத்துல உக்காருங்க.